முழுக்கு எடுக்காதவரின் சொப்பனம்

வண்டிப்பெரியாறு தேயிலை எஸ்டேட்டில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட ஜெபவீடு ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் அங்கே ஒவ்வொருவராக எழுந்து, கண்ட சொப்பனத்தைச் சொல்வார்கள். பாஸ்டரம்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, அது கர்த்தர் தந்ததா மாம்சத்தில் வந்ததா என்று தீர்ப்புச் சொல்வார். மகளுக்கு எந்த மாப்பிள்ளை, வேலை ஓய்ந்தால் எந்த ஊர் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். ஆனால் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்கள் மட்டுமே சொல்லலாம். அப்பா எடுக்கவில்லை. அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது. இப்போதே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று கோட்டயத்தில் டாக்டர் சொன்னார். ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று. அந்த வாரம் பார்த்து அம்மா ஒரு சொப்பனம் கண்டாள். ஆஸ்பத்திரிக் கட்டில், வெள்ளை விரிப்பு, மேலே யாருமில்லை.

"அந்தக் கட்டில்ல நீங்க படுக்கப் போறதில்லன்னு கர்த்தர் காட்டிட்டாரு சிஸ்டர். கத்தி வேண்டாம்" என்றார் பாஸ்டரம்மா.

ஜெபவீடே ஸ்தோத்திரம் சொன்னது. அம்மா சந்தோஷத்தில் அழுதாள். கத்தி என்றாலே அவளுக்குக் குலை நடுங்கும். பயந்தவளுக்குக் கர்த்தரே துணைக்கு வந்துவிட்டால் டாக்டர் பேச்சு எடுபடுமா?

அப்பா வாசலில் எழுந்து நின்றார். "நானும் ஒண்ணு கண்டேம்மா. இவளுக்கு மாருல தையல் போட்டுக் கெடக்கு. ஆனா கூடைய மாட்டிக்கிட்டு, என்னய ஏசிக்கிட்டே கொழுந்து எடுக்கா."

யாரோ சிரித்தார்கள். பாஸ்டரம்மா சிரிக்கவில்லை. "அண்ணே, நீங்க இன்னும் ரட்சிக்கப்படலியே. அது உங்க ஆசை" என்று தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கர்த்தர் காட்டிய சொப்பனத்தில் பசுமாடுகளைக் கண்ட எகிப்து ராஜாவைப் பற்றி அதே ஜெபவீட்டில் எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம். அவன் எந்த ஆற்றில் முழுகி எழுந்தான்? வீட்டுக்கு வந்து இதைக் கேட்டேன்.

"ஊழியக்காரவுகள எதுத்துப் பேசாத" என்று சொல்லி அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் நாள் வந்தது, போனது. அடுத்த மழைக்காலத்தை அம்மா பார்க்கவில்லை. அவள் கண்ட சொப்பனம் பொய்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் படுக்கவே இல்லை. லயத்தில், பாயில், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு அப்பா ஞானஸ்நானம் எடுக்கப் போவதாகச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"இவங்ககிட்டயாப்பா?"

"அவ போன வழியில போனா, என்னைக்காவது கர்த்தர் அவளச் சொப்பனத்துல காட்டித் தருவாரோன்னுதான் தாயி."

பெரியாற்றில் இடுப்பளவு தண்ணீரில் அவரை முக்கி எடுத்தார்கள். நான் கரையில் துண்டோடு நின்றேன். குளிரில் அவருக்குத் தாடை அடித்துக்கொண்டது.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவர் உள்ளே, முன்வரிசையில் உட்காருகிறார். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது நானும் போய் வாசலில் உட்காருவேன். அவருடைய முறை வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்பா எழுந்து நிற்கிறார்.

"இந்த வாரமும் ஒண்ணும் வரலம்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறார்.