பசைக்கு அடியில் போன பெயர்கள்

2004-இல் துபாய் கராமாவில் ஒரு போட்டோ ஃப்ரேம் கடையில் வேலை பார்த்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், எதற்கெடுத்தாலும் பயம்.

ஒரு மதியம், மகள் வீட்டுக்கு விசிட் விசாவில் வந்திருந்த பெரியவர் ஒருவர் பழைய போட்டோ ஒன்றை ஃப்ரேம் போடக் கொண்டுவந்தார். பெரிய கண்களோடு ஓர் இளம்பெண்.

"எங்கம்மா, தம்பி. ஊமைப்பட நடிகை" என்றார்.

பேசும்படம் வந்ததும் பாடத் தெரிந்தவர்களுக்குத்தான் வாய்ப்பு என்றாகிவிட்டதாம். அம்மாவுக்குப் பாட வராது. பிறகு ரவிக்கை தைத்துத்தான் இவரை வளர்த்திருக்கிறார். நடித்த படங்களில் ஒரு சுருள்கூட இன்று இல்லையாம்.

அவர் போனதும் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஓரம் சுருண்ட போட்டோ, கண்ணாடிக்குள் நழுவிவிட்டால்? பசை தடவி அட்டையில் அழுத்தி ஒட்டிவிட்டேன். கலர் லேபில் பிரிண்ட் போட்டு வரும் புதுப் போட்டோக்களை அப்படித்தான் ஒட்டுவோம்.

மறுநாள் வந்தவர் ஃப்ரேமைத் திருப்பிப் பார்த்தார்.

"பின்னாடி எழுதியிருந்துச்சே தம்பி, பார்க்கலையா?"

நடித்த ஒன்பது படங்களின் பெயர்களையும் அம்மா பென்சிலால் எழுதி வைத்திருந்தாராம். வேறெங்கும் அந்த விவரம் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று இவரும் மனப்பாடம் செய்யவில்லை.

ஃப்ரேமைக் கழற்றி, பிளேடால் ஒரு மூலையைக் கிளப்பினேன். தாள் பொடிந்து வந்தது.

"விடுப்பா, முகமாச்சும் மிஞ்சட்டும்."

"திட்டிருங்க சார்."

"திட்டினா பேரு வந்துருமா? பேனாவ எடு."

ஸ்டூலில் உட்கார்ந்து, யோசித்து யோசித்து ஐந்து பெயர் சொன்னார். அட்டையின் பின்னால் ஒன்பது வரை எண் போட்டு, என் கோணல் எழுத்தில் எழுதினேன்.

மகளும் மருமகனும் டியூட்டிக்குப் போனபின் ஃப்ளாட்டில் அவர் தனிதான். அதனால் ஃப்ரேமைக் கடையிலேயே விட்டுவைத்து, தினமும் வர ஆரம்பித்தார். "இன்னைக்கு ஒண்ணு சிக்கிருச்சு, எழுதிக்கோ" என்பார். பல நாள் எதுவும் சிக்காது. சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார். ஒருமுறை, அம்மா வாய் திறக்காமல் புருவத்தாலேயே திட்டுவதை நடித்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரை விட்டு வந்தபின் அப்படிச் சிரித்ததே இல்லை.

ஏழு பெயர் சேர்ந்தபோது விசா முடிந்துவிட்டது. எட்டும் ஒன்பதும் காலியாக இருந்த ஃப்ரேமைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். ஞாபகம் வந்தால் கடைக்கு ஃபோன் செய்யச் சொன்னேன். கடைசிவரை ஃபோன் வரவில்லை.

அன்று அவர் திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். திட்டாமல் போனதால்தான், ஒரு பெண் உழைத்து நடித்த இரண்டு படங்களை இல்லாமல் ஆக்கியவன் நான் என்பதை இன்றும் இறக்கி வைக்க முடியவில்லை.