ரயிலில் தூங்கிய ஆன்டி

பள்ளியின் கடைசி வருடமான ஐந்தாம் படிவம் படிக்கும் என் மகள் தர்ஷினியை ஆங்கில டியூஷனுக்காக வாராவாரம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு ரயிலில் கூட்டிப்போவேன். அங்கே ஒரு மிஸ் அவளுக்கு மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுப்பார்.

வரும் வழியில் பார்த்ததை எழுதச் சொன்னார் மிஸ். காய்கறிப் பையை மடியில் அணைத்துக்கொண்டு தூங்கிய ஓர் ஆன்டியைப் பற்றி எழுதினாள். ஏகப்பட்ட பிழை. மிஸ் இரண்டை மட்டும் திருத்திவிட்டு, “பொண்ணு நல்லா கவனிச்சிருக்கா, அக்கா” என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது.

பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம் நெருங்கியது. “மாடல் கட்டுரை குடுங்க லா மிஸ், மனப்பாடம் பண்ணிடுவா” என்றேன். மறுத்துவிட்டார். எல்லாரும் செய்வதுதானே என்று, கிள்ளானிலேயே மாடல் கட்டுரை தரும் சென்டரில் சேர்த்தேன். ‘கடற்கரைச் சுற்றுலா’வைப் பிழையே இல்லாமல் ஒப்பித்தாள். பூரித்துப்போனேன்.

பள்ளியின் மாதிரித் தேர்வில் ‘நீ வருத்தப்பட்ட ஒரு நாள்’ என்று கேட்டிருந்தார்கள். இவள் கடற்கரைச் சுற்றுலாவையே எழுதிவிட்டு வந்தாள். தேறவில்லை.

மறுபடியும் மிஸ்ஸிடம் ஓடினோம். “இன்னிக்கு ரயில்ல என்னம்மா பார்த்த?” என்று கேட்டார். வகுப்பு முடியும்வரை தாள் வெறுமையாகவே கிடந்தது.

மாடல் கட்டுரைகளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போதெல்லாம் ஜன்னலோர இருக்கையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் அவளே வாய் திறந்தாள். ஆசையாகத் திரும்பினேன்.

“நீங்களே பார்த்து எழுதிக் குடுங்கம்மா. நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்.”