பன்னிரண்டாம் அறைப் புடவை

ஆஸ்மாவைப் பற்றி யார் கேட்டாலும் நான் புடவைக் கதையைத்தான் முதலில் சொல்வேன். அவளுக்குக் கோபம் வரும். வரட்டும்.

நான் பார்வதம். மாமல்லபுரத்தில் கடலோர ரிசார்ட் ஒன்றில் ஊழியர்களுக்குச் சமைப்பவள். ஆஸ்மா புதுப்பட்டினத்துப் பெண். பிளஸ் டூ முடித்து, ஐ.டி.ஐ.யில் ஏசி மெக்கானிக் படித்து, எங்களிடம் ஒரு வருட அப்ரண்டிஸாக வந்தாள். அவள் அத்தா ஹயாத் பாஷாவுக்கு ஊரில் ஜவுளிக்கடை. "ஒரு வருஷம் பாரு. வேலை பர்மனென்ட் ஆச்சுன்னா சந்தோசம். இல்லாங்காட்டி கடைல வந்து குந்து" என்று சொல்லித்தான் அனுப்பினார். நாள் முழுக்க ஜாக்கெட் துணி கிழிக்க வேண்டுமே என்று அவளுக்குப் பயம். பயத்தில் கடைப் பக்கமே போகமாட்டாள்.

பத்தாம் மாதம், கூடுவாஞ்சேரிக் குடும்பம் ஒன்று பன்னிரண்டாம் அறையில் தங்கியது. காலையிலேயே புகார்: ஏசி குளிரவில்லை. ஆஸ்மா பையோடு போனாள். கடலில் குளித்துவிட்டு வந்த அம்மாள், பால்கனியில் இருந்த ஏசியின் வெளிப்பெட்டி மேல் ஈரப் புடவையைத் தொங்கவிட்டிருந்தார். அதில் அனல் காற்று வருமே, துணி சட்டென்று காயும். நம்மூரில் இதைச் செய்யாதவர் யார்? நானே செய்வேன்.

ஆஸ்மா புடவையைப் பக்குவமாக எடுத்து நாற்காலியில் வைத்தாள். கேஸ் பார்த்தாள், வயர் பார்த்தாள், ஃபில்டரைக் கழுவினாள். ஏசி ஜில்லென்று ஓடியது. அடுத்தவர் துணியைக் கலைத்துப்போட்டு வருவது மரியாதையா? பழையபடி அழகாக விரித்துவிட்டு வந்தாள்.

ஒரு மணி நேரத்தில் மறுபடி புகார். மறுபடி எடுத்தாள், பார்த்தாள், விரித்தாள். மூன்றாம் புகாருக்கு என்ஜினியர் பார்த்தசாரதி கடுகாய் வெடித்தார். "பர்மனென்ட் பண்ண ஒரே எடம்தான் இருக்கு. இப்படி இருந்தா உன்னைப் பத்தி நான் மேல இன்னா எழுதறது?"

நான் அந்தப் பால்கனியை ஒட்டிய சமையலறைப் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை பதற்றத்தில், கேஸ் அழுத்தம் பார்க்க மாட்டிய பிரஷர் மீட்டரைக் கழற்ற மறந்துவிட்டாள். புடவையை விரித்ததும், அனல் வெளியேற வழியில்லாமல் முள் கிடுகிடுவென ஏறியது. எடுத்தாள், இறங்கியது. போட்டாள், ஏறியது. அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"எக்கா, இவ்ளோ நேரம் நான்தான் இதுக்கு முக்காடு போட்டுகினு இருந்தேனா?"

நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் சாம்பார் அடிபிடித்துவிட்டது.

புகார்ச் சீட்டில் 'இரண்டாம், மூன்றாம் முறை கோளாறு: நான்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள், அசட்டுப் பெண். ஆனால் மறுநாள் கெஞ்சிக் கூத்தாடி நைலான் கயிறு வாங்கவைத்து, நாற்பது பால்கனியிலும் துணி காயப்போடக் கொடி கட்டினாள். அந்த மாதம் ஏசி புகார் பாதியாகக் குறைந்தது. "இத்தன வருஷமா எனக்குத் தோணலையே" என்றார் பார்த்தசாரதி.

வருடக் கடைசியில் ஆர்டர் வந்தது. என் சமையலறையில் நின்றுதான் போன் செய்தாள், ஸ்பீக்கரில்.

"அத்தா, பர்மனென்ட் ஆயிடுச்சி. கடைக்கு வேற ஆள் பாத்துக்கோங்க."

"போன மாசமே ஆள் போட்டாச்சிம்மா. நீ வேலையப் பாரு."

ஒரு வருடமாகப் பயந்து செத்தவள் போனையே முறைத்துப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாவி மனுஷன், இதை முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாம்.