வாசிகசாலையில் கேட்ட தூறல்

என் மனைவியின் மிளகாய்த்தூளைக் கெடுத்தவன் நான். பழியை அவள் சுமக்கிறாள். இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

எங்கள் பண்டத்தரிப்பு ஊரில் அவளைப் போல் மிளகாய் காயவைக்க ஆளில்லை. பழுத்த மிளகாயை ஓர் இரவு சாக்கால் மூடிவைப்பாள். எல்லாம் ஒரே சிவப்பாகிவிடும். பிறகு முற்றத்தில் படங்கு விரித்துப் பரப்புவாள். உச்சி வெயிலில் வெறுங்கையால் புரட்டுவாள். எரிகிறது என்று ஒரு சொல் வராது! கடைசி நாள் ஒரு பிடி அள்ளிக் காதருகே குலுக்குவாள். உள்ளே விதை கலகலக்க வேண்டும். அதன் பிறகுதான் மில். அந்தத் தூள் வருடம் முழுக்க நிறம் மாறாது.

போன சித்திரையில் கொடிகாமத்துக்குத் தங்கையைப் பார்க்கப் போனாள். மழை இருட்டினால் அள்ளிவிடச் சொன்னாள். நான் வாசிகசாலையில் கடதாசி விளையாடிக்கொண்டிருந்தேன். தகரக் கூரையில் தூறல் விழுந்தது. எனக்குக் கேட்டது… கேட்டும் எழும்பவில்லை! அந்த ஆட்டம் முடியட்டும் என்று இருந்தேன். வென்றேனா? அதுகூட நினைவில்லை.

வீட்டுக்கு வந்து நனைந்த மிளகாயைத் துணியால் துடைத்தேன். மறுநாள் வெயிலில் தோல் காய்ந்தது. உள்ளே…?

அவள் வந்து குலுக்கினாள். இன்னொரு பிடி அள்ளிக் குலுக்கினாள்.

"சத்தம் சரியில்லை. நனைய விட்டனீங்களே?"

"இல்லையப்பா. உனக்குக் காது மந்தம்."

சிரித்தாள். தன் காதை விட்டுவிட்டு என்னை நம்பினாள். எங்கள் மகள் கனடாவில். அங்கே போகிற ஊர்க்காரர் ஒருவர் அடுத்த நாள் புறப்படுகிறார். அன்றே அரைத்து, மகளுக்கு மூன்று கிலோ கொடுத்துவிட்டோம்.

இரண்டு மாதத்தில் தூள் கட்டிப்பட்டுப் பூஞ்சணம் பிடித்தது. மகள் தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள். மனைவி ஒருமுறை என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்… விளங்கிவிட்டது அவளுக்கு.

"என்ரை பிழைதான் பிள்ளை. அவசரப்பட்டு அரைச்சுப்போட்டன்."

எப்படி முடிந்தது அவளால்? அதன் பிறகும் ஒரு சொல் கேட்கவில்லை. நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்!

அம்மாவுக்கு வயது போய்விட்டது, இனிக் கடையில் வாங்குகிறேன் என்று மகள் சொல்லிவிட்டாள். இந்த வருடமும் மனைவி காயவைத்தாள். முன்னரைப் போலவே நல்ல தூள். எங்கள் இருவருக்கும் போதுமான அளவு மட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் அழைப்பாள். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று நான்தான் முதலில் எடுப்பேன். சாப்பிட்டீங்களோ அப்பா என்று கேட்பாள். ஓம் பிள்ளை என்பேன்…

தொலைபேசியை மனைவியிடம் கொடுத்துவிடுவேன்.