தனிச் சட்டியில் பொரித்த கிழங்கு

இந்த ஊரில் முன்பின் தெரியாத கடைக்காரிகூட என்னை ‘லவ்’ என்று செல்லமாகக் கூப்பிட்டுத்தான் பொட்டலத்தை நீட்டுவாள். கடலுக்குப் பக்கத்தில் கல் பாவிய சதுக்கமும் மணிக்கூண்டும் உள்ள பழைய ஆங்கிலேயச் சந்தை ஊர். மகளின் பேறுகாலம் பார்க்க ஏரலிலிருந்து அக்கா இங்கே வந்திருக்கிறாள். என் விடுமுறை நாட்களில் வந்து அவளை வெளியே கூட்டிப்போவேன். மணிக்கூண்டை அவள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. விரல் தடிமனில் உருளைக்கிழங்கு பொரித்துத் தரும் சிப்ஸ்தான் பிடிக்கும்.

பிறவிச் சைவம். போதாததற்கு விரதம் வேறு. மகளுக்கு முன்பு கரு கலைந்திருந்ததால், இந்தப் பிள்ளைக்குத் திருச்செந்தூரில் முடி இறக்கும்வரை வெங்காயம், பூண்டுகூடத் தொடமாட்டேன் என்று முருகனுக்கு நேர்ந்திருக்கிறாள். ஏரலில் முறுக்கு வாங்கினாலும், “என்ன எண்ணெய் அண்ணாச்சி?” என்று கேட்காமல் வாயில் வைக்கமாட்டாள். இங்கே அந்தப் பொறுப்பு என்னுடையது. முதல் நாளே விசாரித்தேன், மீன் பொரித்த சட்டியா என்று. “சிப்ஸுக்குத் தனிச் சட்டி, லவ்” என்றாள் கடைக்காரி. என்ன எண்ணெய் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

இன்று அக்காவின் மகள் தன் கணவனோடு ஸ்கேனுக்குப் போயிருந்தாள். படபடத்துக்கொண்டிருந்த அக்காவை மணிக்கூண்டுப் படியில் உட்காரவைத்து, பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, உப்புக்காகத் திரும்பப் போனேன். செங்கல் அளவு வெள்ளைக் கட்டி ஒன்றைக் கடைக்காரி சட்டிக்குள் நழுவவிட்டாள். என்னவென்று கேட்டேன். “மாட்டுக் கொழுப்பு! எங்கள் தாத்தா காலத்திலிருந்து இதுதான்” என்றாள் பெருமையாக.

உப்பை வாங்காமலேயே திரும்பினேன். இத்தனை நாள் இந்தச் சதுக்கத்தின் வாசனை என்று நான் ரசித்து இழுத்ததெல்லாம் மாட்டுக் கொழுப்பு காயும் வாடை. கல்லுக்குக் கல் சரித்திரப் பலகை மாட்டியிருக்கிறார்களே, இந்தச் சட்டிக்கு ஒரு பலகை மாட்டினால் என்ன குறைந்துவிடும்? அவர்கள்மேலும் அருவருப்பு, கேட்காத என்மேலும் அருவருப்பு.

சொல்லிவிடத்தான் ஓடினேன். அக்கா போனைக் கீழே வைத்துவிட்டு அழுதுகொண்டே சிரித்தாள்.

“ஏலே, பிள்ளைக்கு நெஞ்சு நல்லா துடிக்குதாம்! முருகன் கைவிடலலே. என் விரதம் வீணாப் போகல.”

சொன்னால், பிரசவம் முடியும்வரை ஒவ்வொரு வலிக்கும் இந்தப் பொட்டலத்தைத்தான் காரணம் என்பாள். பாதிப் பொட்டலம் மிச்சமிருந்தது. அவள் அடுத்த துண்டை எடுத்தாள். அதைப் பிடுங்கி வாயில் போட்டேன். பொட்டலத்தையும் வாங்கி, நின்றவாக்கில், மூச்சைப் பிடித்துக்கொண்டு அத்தனையையும் வாயில் அடைத்து விழுங்கத் தொடங்கினேன்.

“பைய தின்னுலே, விக்கிரப் போவுது” என்று அக்கா என் முதுகைத் தடவினாள். “இந்த ஊர்க்காரனாவே ஆயிட்டியேல!”

வாய் நிறைய இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.