சேவியரின் சிடிக்கு எந்த அலமாரி?

போன ஞாயிற்றுக்கிழமை அடையாறு வீட்டில் காபியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். உள்ளே மகளின் கூச்சல். கல்லூரியில் படிக்கிறாள், நேரம் கிடைத்தால் மடிக்கணினியில் என்னென்னவோ ஓசைகளைச் சேர்த்துப் பிசைந்து இசை என்கிறாள். அதை இணையத்தில் ஏற்றப் போனால் ஒரு படிவம் வழிமறிக்கிறதாம்.

"என்ன வகைன்னு கேக்குதுப்பா! நாப்பது பேரு போட்டிருக்கான், எதுவுமே என்னோடது இல்ல. ஒண்ணத் தொடாம அடுத்த பக்கம் விடமாட்டேங்குது!"

"எதையாவது தொட்டுட்டுப் போம்மா" என்றேன், பெரிய அனுபவஸ்தன் மாதிரி. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இப்படி 'எதையாவது' என்று செய்துவிட்டு ஒரு சிநேகிதனை இழக்கப் பார்த்தவன் நான்.

அந்த நாட்களை நினைத்தால் முதலில் மூக்கில் ஏறுவது கோந்து வாசனைதான். தி.நகரில் பூங்காவுக்குப் பின்னால் ஒரு கேசட், சிடி கடை. எனக்கு முதல் வேலை அங்கே. பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். வருகிற சிடி ஒவ்வொன்றின் முதுகிலும் வகைச் சீட்டு ஒட்ட வேண்டும், அந்தந்த அலமாரியில் அடுக்க வேண்டும், அவ்வளவே. பக்தி, பழைய படம், புதுப் படம், வாய்ப்பாட்டு, வாத்தியம், பட்டிமன்றம், நகைச்சுவை, குழந்தைகள், தியானம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், தியானத்துக்குப் பச்சை. மாலையில் வீட்டுக்குப் போனால் அம்மா, "கைய அலம்பிட்டு வாடா, தோசை ஒட்டிக்கப் போவுது" என்பாள். பிரியம் என்னவோ தோசை மேல்தான்.

முதலாளி திருநெல்வேலிக்காரர். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய பழமொழி. பாதி அவரே கட்டியவை. "ஒட்டாத சரக்கு ஓடாது, பாத்துக்க" என்பது தினமும் காதில் விழும். சீட்டில்லாத சிடி அலமாரி ஏறக் கூடாது. சாமியே வந்து பாடிக் கொடுத்தாலும் பக்தி என்று ஒட்டிய பிறகுதான் உள்ளே.

சேவியர் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன். பட்டினப்பாக்கம் பையன், அம்மா மீன் விற்கிறவர். இவன் ஈக்காட்டுத்தாங்கலில் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி பழுது பார்க்கும் பட்டறையில் இருந்தான். மயிலாப்பூரில் பாட்டு வாத்தியார் வீட்டில் பெட்டி தகராறு செய்தால் இவன் கைக்குத்தான் வரும். இனி தேறாது என்று ஒதுக்கிய பெட்டிகளைத் திறந்து, இதன் ஒயரை அதில் கோத்து, அதன் குமிழை இதற்குத் திருகி, அவை உறுமுவதையும் ஊளையிடுவதையும் பதிவு செய்வான். பாட்டு இல்லை, தாளம் இல்லை. முதல் தடவை ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிவிட்டபோது, 'நம்ம பயலுக்கு ஏதோ ஆகிவிட்டது' என்றே நினைத்தேன். பாதியில் மயிர்க்கூச்செறிந்தது. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒருநாள் இருபது சிடியைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து நின்றான்.

"மச்சி, இத்த வையி. ஆனா சீட்டு ஒட்டாத."

"ஒட்டலன்னா வைக்க முடியாதுடா."

"எங்கம்மா கூடையில சீட்டா ஒட்டிக்கீது? செவுளத் தூக்கிக் காட்டும். கண்ணு இருக்கறவன் வாங்கிக்கினு போவான்."

"தெருவுல வரும்போது மட்டும் 'வஞ்சிரம், சங்கரா'ன்னு பேர் சொல்லித்தானடா கூவறாங்க?"

மடக்கிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. அவன் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்துக் காட்டிச் சொன்னான்: "பேரு வச்சா அந்தப் பேரத்தான் கேப்பான் மச்சி. இத்தக் கேக்க மாட்டான். ஒருத்தனாவது இத்தக் கேக்கணும். அவ்ளோதான்."

அதைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை. "சரி, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கி வைத்தேன்.

பாத்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். அவன் தலை மறைந்ததும் கோந்தைத் திறந்தேன். வாத்தியத்தில் வைத்தால் வித்வான்கள் அடிக்க வருவார்கள். பட்டிமன்றமும் ஆகாது. 'ம்ம்ம்' என்று ஆரம்பிக்கிறதே என்று இருபதிலும் பச்சைச் சீட்டை ஒட்டி, தியான அலமாரியில் நடுத் தட்டில் அடுக்கிவிட்டேன். இரண்டே வாரத்தில் பதினான்கு போய்விட்டது! சேவியருக்குத் தலைகால் புரியவில்லை. "பேரே இல்லாம வாங்கிக்கினு போறாங்கடா, பாத்தியா!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினான். சுற்றும்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை.

இங்கே மயிலாப்பூர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நானும் அங்கே வளர்ந்தவன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன். என்ன ராகம் என்று தெரியாமல் ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டு அவர்களால் சும்மா உட்கார முடியாது. சபாவில் பாடகர் முதல் இழுப்பு இழுத்ததுமே நாற்காலிக்கு நாற்காலி கிசுகிசு ஆரம்பித்துவிடும். பேர் கிடைத்த பிறகுதான் தலையாட்டல். அதுவரை பக்கத்தில் தீப்பிடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள்.

சேவியர் கடைக்கு வந்து என்னோடு பேசிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், ஒரு மயிலாப்பூர் மாமி பச்சைச் சீட்டோடு ஒரு சிடியை நீட்டினார்.

"ஏண்டாப்பா, இது இங்க வாங்கினதுதானே? தியானம்னு போட்டிருக்கேன்னு கண்ண மூடிண்டு உக்காந்தேன். பத்து நிமிஷம் பேஷாப் போயிண்டிருந்தது. திடீர்னு மிக்ஸியில கரண்டியப் போட்டு அரைச்சாப்ல ஒரு சத்தம்! ஓடிப் போய் மிக்ஸியப் பாத்தா அது தேமேன்னு இருக்கு."

சேவியர் பச்சைச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேற மாத்திக் கொடுத்துடறேன் மாமி."

"மாத்தறதுக்கு யாரு வந்தா? அதுக்கப்புறம் நாலு தரம் கேட்டாச்சு. இது என்ன ராகம், அதச் சொல்லு. ஆத்துக்காரர் ரேவதிங்கறார். நான் இல்லவே இல்லைங்கறேன். ரெண்டு நாளா ஆத்துல இதே சண்டை."

சேவியர் முன்னால் வந்தான். "ராகம்லாம் இல்லீங்கம்மா. நான்தான் பண்ணேன். நாலு ரிப்பேர் சுருதிப் பொட்டி, ஒண்ணுக்கொண்ணு பேசிக்கினு கீது. அவ்ளோதான்."

மாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ அந்த மிக்ஸி?"

"அது பட்டறையில பக்கத்து ரூமு கட்டிங் மிஷினு. ரெகார்டுல பூந்துடுச்சி."

"அதானே பாத்தேன்! அது மட்டும் சுருதியோட ஒட்டல்லை." சிடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, படி இறங்கப் போனவர் திரும்பினார். "ஆனா அத எடுத்துடாதே. அங்கதான் நான் முழிச்சுண்டேன்."

சேவியரின் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். ஆனால் அவன் என் பக்கம் திரும்பியபோது கலக்கமெல்லாம் போய்விட்டிருந்தது.

"தியானமா?"

"ஒட்டலன்னா இந்த மாமி வந்திருப்பாங்களாடா?"

"வந்திருக்க மாட்டாங்க. அதான்டா வயிறு எரியுது" என்றான். "நீ என்னைக் கேட்டுட்டு செஞ்சிருக்கணும்."

மீதி ஆறு சிடியையும் எடுத்துக்கொண்டு போனவன்தான். இரண்டு மாதம் என் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பட்டினப்பாக்கம் போய் அவன் அம்மாவிடம் விசாரித்தேன். "உன் பேச்சே எடுக்க வாணாம்ன்றான் நைனா" என்றார். அன்றைக்கு நடந்தே வீட்டுக்கு வந்தேன். அவனைத் தவிர எனக்கு வேறு சிநேகிதன் இல்லை என்பது அந்த நடையில்தான் உறைத்தது.

மழைக்காலம். வேளச்சேரியில் முழங்கால் தண்ணீர் என்று கடையில் ஈ காக்கை இல்லை. சேவியர் சொட்டச் சொட்ட வந்து நின்றான். பையில் இருபது சிடி, ஒவ்வொன்றிலும் அவனே ஒட்டிய சீட்டு. தன் கோணல் எழுத்தில் எழுதியிருந்தான்: 'கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.'

முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "சீட்டு ஒட்டிருக்குல்லா? பொறவென்ன? கல்லாப் பக்கத்துல வையி" என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் பாருங்கள் வேடிக்கையை! வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து சொன்னார்கள். ஒரு வாத்தியாரம்மா, மின்வெட்டுக்கு முந்தின நிமிஷம் என்றார். ஒருவர், பல் டாக்டரிடம் உட்கார்ந்த மாதிரி இருந்தது, ஆனால் வலிக்கவில்லை என்றார். இன்னொருவர் இது இசையே இல்லை என்று மேஜையைத் தட்டிச் சேவியரோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, அடுத்த வாரம் தம்பியையும் துணைக்குக் கூட்டி வந்து சண்டையைத் தொடர்ந்தார். சேவியர் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அத்தனையும் கேட்டான். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதனை நான் பார்த்ததில்லை.

இப்போது அந்தக் கடை இல்லை. அந்த இடத்தில் சுரிதார் போட்டுப் பார்க்கும் அறை இருக்கிறது. முதலாளி ஊரோடு போய்விட்டார். சேவியர் சௌக்கியம். இன்னும் அதே உறுமலும் ஊளையும்தான். இப்போது இணையத்தில் ஏற்றுகிறான். எந்தெந்த தேசத்திலோ கேட்கிறார்களாம். நேற்று ராயப்பேட்டையில் டீ குடிக்கும்போது செல்போனைத் திறந்து, எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணைக் காட்டினான். நீளமான எண். கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள்.

"பெரிய ஆளாயிட்டடா" என்றேன்.

"இன்னா பெரிய ஆளு? கட்டைவிரலக் காட்டிட்டுப் போயிடறானுங்க மச்சி" என்றான் சேவியர். "ஒருத்தன் கூட சண்டைக்கு வரமாட்றான்."