கொழுந்து லொறிக்காரரின் படகு

ஜெயரூபன் அண்ணன் லுணுகலைப் பக்கத்து மலைத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டியவர். மழையில் மலை சரிந்து, நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயம் போனது. அதோடு அவருடைய தம்பியும் போனார். அவரையும் மனைவி ஜெயந்தினி அக்காவையும், எங்களைப் போன்ற சில குடும்பங்களையும் மஹியங்கனைப் பக்கம் ஒரு குளக்கரையில் குடியேற்றினார்கள். தம்பியைப் பற்றி அவர் பேசியதில்லை. அழுது நான் பார்த்ததில்லை. துக்கத்துக்கு ஒரு முகம் இருக்கும் என்று பட்டம் வரை படித்த நான் நம்பியிருந்தேன் போலும். அவரிடம் அதைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

மீனவர் சங்கம் அவரிடம் ஒரு இஞ்சின் படகைக் கொடுத்தது. அக்கரைப் பாடசாலைக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போக வேண்டும். வேறு வேலை அவருக்குக் கிடைக்கவில்லை.

வேகமாகப் போகையில் இஞ்சின் ஒழுங்காக ஓடும். கரையை நெருங்கி வேகத்தைக் குறைத்தால் இருமி இருமி நின்றுவிடும். ஒரு நாள் காற்றில் அப்படி நின்று, தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரங்களில் போய் மோதியது. பிள்ளைகள் அலறினார்கள். யாருக்கும் காயமில்லை.

சங்கச் செயலாளர் ஸலீம் நானா வந்தார். "ஞாயித்துக்கிழமை நானே ஏறிப் பாப்பேன். இஞ்சின் நிண்டா படக வேற ஆளுக்குக் குடுத்துருவோம். கோவிக்காத மச்சான், புள்ளைகள் போற படகு."

"சரி" என்றார் அண்ணன்.

இஞ்சினுக்குத் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றினார், கறுத்து ஈரமாக இருந்தது. காபரேட்டரைக் கழுவி, புது பிளக் போட்டார். அதுவும் கறுத்தது.

சனிக்கிழமை படகைக் கட்டிவைத்தபடியே இஞ்சினை ஓடவிட்டார். இஞ்சினின் பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியது. அது வந்தால் இஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம். ஸலீம் நானா எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுக்கு நல்லாப் போகுதே! சீனி வருத்தக்காரன் மாதிரி."

நீரிழிவுக்காரரை வைத்துச் சொன்ன பகிடிக்கு ஜெயந்தினி அக்கா சிரித்துக்கொண்டே அந்தத் தண்ணீரில் கையை நீட்டினார். "என்னங்க, இம்புட்டு நேரம் ஓடியும் பச்சத் தண்ணியாத்தான் வருது."

அண்ணன் இஞ்சின் தலையில் உள்ளங்கையை வைத்தார். சுட்டுக் கையை எடுக்க வேண்டியிருக்கவில்லை. சூடே இல்லை.

"தர்மோஸ்டட்ட நான்தான் கழட்டி வீசினேன். படகு தந்த அன்னைக்கே."

"எதுக்குங்க?"

"மேடு ஏறுற வண்டிக்கு அது ஆகாது. சூடேறிரும்."

"இங்க ஏதுங்க மேடு?"

அவர் குளத்தைப் பார்த்தார். அது தட்டையாகக் கிடந்தது.

இஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை மறித்துவைப்பதுதான் தர்மோஸ்டட்டின் வேலை. அது இல்லாமல் குளத்துத் தண்ணீர் ஓயாமல் உள்ளே ஓடியது. இஞ்சின் குளிர்ந்தே கிடந்தது. எரியாத எண்ணெய் பிளக்கைக் கறுக்க வைத்தது. அதனால்தான் வேகம் குறைந்ததும் இஞ்சின் நின்றது.

அண்ணன் அன்றே பஸ்ஸேறிப் போய்ப் பழைய தர்மோஸ்டட் ஒன்றைத் தேடி வாங்கி வந்தார். அக்கா அதை நூலில் கட்டி, அடுப்பிலிருந்த சட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். தண்ணீர் ஆவி விட்டதும் மெல்லத் திறந்தது. பச்சைத் தண்ணீரில் போட்டதும் மூடிக்கொண்டது. அது வேலை செய்கிறது என்று கண்டபின் அண்ணன் இஞ்சினில் பூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஸலீம் நானா ஏறினார். அக்கரையில் வேகத்தைக் குறைத்தபோது அண்ணன் இஞ்சினைப் பார்க்கவில்லை, பட்டமரங்களையே பார்த்தார். இஞ்சின் நிற்கவில்லை. திரும்பி வந்தும் நிற்கவில்லை.

"நாளைக்குப் புள்ளைகள ஏத்து மச்சான்."

ஜெயந்தினி அக்கா கரையிலேயே உட்கார்ந்து அழுதார். மலையில் நடந்தவை எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதது போல் இருந்தது. அண்ணன் படகுக்குள் தேங்கிய தண்ணீரை வாளியால் இறைத்து முடித்துவிட்டு, அக்காவின் பக்கத்தில் போய் நின்றார்.